நாடியின் நடையும் இதயத்தின் நலமும்

மாணவ நேயர்களே, இப்பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே ஒரு சிறு சோதனையைச் செய்து பார்க்கலாம். வலக்கை விரல்கள் இரண்டை இடக்கையின் மணிக்கட்டில், பெருவிரலுக்கு நேர் கீழாக வைத்து நாடியைத் தேடுங்கள். துடிப்பு அகப்பட்டதும், ஐந்து எண்ணும் வரை மெல்ல மூச்சை உள்ளே இழுத்து, மீண்டும் ஐந்து எண்ணும் வரை மெல்ல வெளியே விடுங்கள். இவ்வாறு நாலைந்து முறை செய்யுங்கள். இளவயதினராகிய உங்களில் பெரும்பாலோர்க்கு ஒரு செய்தி விரல் நுனியிலேயே புலப்படும். மூச்சு உட்செல்லும்போது நாடி விரைகின்றது; வெளியேறும்போது தளர்கின்றது.

இது கண்டு அஞ்ச வேண்டா. நோயின் அறிகுறி அன்று இது. இதயத்தைக் கடிகாரத்துக்கு ஒப்பிட்டுச் சொல்லும் வழக்கம் நம் பாடநூல்களில் உண்டு. நானும் வகுப்பறையில் அவ்வாறே பல ஆண்டுகள் கற்பித்து வந்தேன். அவ்வுவமை தவறு என்பதைப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகே அறிந்துகொண்டேன். நலமுள்ள இதயம் கடிகாரம்போல் அடிப்பதில்லை. ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடையேயுள்ள காலம் ஓயாது சிறிது கூடியும் சிறிது குறைந்தும் வருகின்றது. இந்த ஏற்ற இறக்கம் குன்றிப்போன இதயமே ஐயத்துக்கு உரியது. இவ்வுண்மையை மருத்துவ உலகம் கண்டுகொள்ள இருநூற்றைம்பது ஆண்டுகள் ஆயின. அந்த வரலாற்றையே இன்று சொல்லப் புகுகின்றேன்.

பழங்காலத்து வைத்தியர்கள் நாடியை எண்ணியதைவிட அதன் தன்மையை உணர்வதிலேயே கருத்தாய் இருந்தனர். நம் சித்த மருத்துவர்கள் மூன்று விரல்களால் வாதம், பித்தம், ஐயம் என்னும் மூன்று நாடிகளைத் தேர்ந்து, அவற்றின் நடையை அன்னத்தின் நடைக்கும், ஆமையின் நடைக்கும், தவளையின் நடைக்கும் ஒப்பிட்டனர். இதைக் கொண்டு, நம் முன்னோர் இன்றைய விஞ்ஞானம் முழுவதையும் அன்றே அறிந்திருந்தனர் என்று மார்தட்டிக்கொள்ள வேண்டா. அத்தகைய பேச்சில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆயினும் நாடிக்கு ஒரு நடை உண்டு, அந்நடை கவனிக்கத் தக்கது என்னும் எண்ணம் அவர்களிடம் இருந்தது. மேனாட்டில் கடிகாரம் வந்த பின்னர் அந்த எண்ணம் சிறிது காலம் மங்கியது. இத்தாலி நாட்டுச் சான்டோரியோ பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஊசலைக் கொண்டு நாடியை அளந்தார். 1707-இல் இங்கிலாந்தில் சர் ஜான் ஃபிளாயர் என்ற மருத்துவர், சரியாக ஒரு நிமிடம் மட்டும் ஓடும் கடிகாரம் ஒன்றைச் செய்வித்து, நிமிடத்துக்கு எத்தனை துடிப்பு என்று கணக்கிடும் முறையைப் பரப்பினார். அது பெரிய முன்னேற்றமே. ஆனால் எழுபத்திரண்டு என்று ஓர் எண்ணை எழுதியவுடன், அந்த எழுபத்திரண்டு துடிப்புகளும் ஒரே சீராக வந்தனவா என்ற கேள்வி மறைந்துபோகின்றது அல்லவா?

அக்கேள்வியின் பக்கம் முதலில் வந்தவர் மருத்துவரே அல்லர். அவர் பெயர் ஸ்டீபன் ஹேல்ஸ். லண்டனுக்கு அருகே டெடிங்டன் என்னும் சிற்றூரில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் பாதிரியாராக இருந்தவர். ஒரு பெண்குதிரையைக் கீழே கிடத்தி, அதன் தொடைத் தமனியில் பித்தளைக் குழாயைப் பொருத்தி, அதனோடு ஒன்பது அடி நீளமுள்ள கண்ணாடிக் குழாயை இணைத்தார். இரத்தம் எட்டடி மூன்று அங்குல உயரத்துக்கு எழுந்தது. இரத்த அழுத்தத்தை உலகில் முதன்முதலாக அளந்தவர் அவர்தாம். 1733-இல் இச்சோதனைகளை நூலாக வெளியிட்டார். இரத்தத்தின் ஏற்ற இறக்கத்துக்கும் மூச்சுக்கும் உள்ள உறவை முதலில் குறித்தவராகவும் இத்துறையின் வரலாற்றாசிரியர்கள் அவரையே கூறுவர். குதிரையின் துன்பத்தை நினைக்கும்போது இச்சோதனையைப் படிப்பது எளிதன்று. அவர் காலத்திலேயே டெடிங்டனுக்கு அருகே வாழ்ந்த கவிஞர் அலெக்சாண்டர் போப் அவருடைய நண்பராக இருந்தும் இச்செயலைக் கடிந்தார் என்பர்.

கண்ணால் கண்டது காகிதத்தில் பதிய வேண்டும். அதற்கு 1847 வரை காத்திருக்க நேர்ந்தது. ஜெர்மனியின் மார்பர்க் நகரில் கார்ல் லுட்விக் என்னும் இளம் பேராசிரியர், சுழலும் உருளையின்மேல் புகைபடிந்த தாளைச் சுற்றி, அதில் ஒரு முள் கோடு கீறிச் செல்லும்படி கருவி ஒன்றை அமைத்தார். நாயின் நாடியையும் மூச்சையும் ஒருங்கே பதிந்தபோது, மூச்சு இழுக்கையில் துடிப்பு விரைவதும் விடுகையில் தாழ்வதும் அலைகளாகத் தெரிந்தன. நீங்கள் சற்று முன் விரலால் உணர்ந்தது அதுவே.

ஏன் இவ்வாறு நிகழ்கின்றது? இதயத்தின் வலப்புற மேலறையில் சிறு முடிச்சுப்போன்ற திசு ஒன்று இருந்து துடிப்பைத் தொடங்கி வைக்கின்றது. அதனைத் தனியே விட்டால் நிமிடத்துக்கு ஏறத்தாழ நூறு முறை துடிக்கும். நாம் ஓய்வாக அமர்ந்திருக்கும்போது எழுபது, எழுபத்தைந்து என்று அது அடங்கியிருப்பது வேகஸ் என்னும் நரம்பின் செயலாகும். மூளையின் அடியிலிருந்து புறப்பட்டு, கழுத்து வழியே நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இறங்கும் நீண்ட நரம்பு அது. அதனைத் தூண்டினால் இதயம் தளர்கின்றது என்பதை 1845-இல் வேபர் சகோதரர் இருவர் காட்டினர். பரிவு நரம்புகள் என்பவை இதற்கு எதிராக இதயத்தை விரைவிக்கின்றன. ஒன்று கடிவாளம், மற்றொன்று சவுக்கு எனலாம். இரண்டிற்கும் ஒரு வேற்றுமை உண்டு. சவுக்கு தன் வேலையைக் காட்டச் சில வினாடிகள் ஆகும். கடிவாளமோ ஒரு வினாடிக்குள்ளேயே இழுத்துப் பிடிக்கும். எனவே துடிப்புக்குத் துடிப்பு விரைந்து நேரும் மாற்றங்களில் பெரும்பகுதி வேகஸ் நரம்பின் கைவரிசை.

அந்நரம்பு இதயத்தோடு எவ்வாறு பேசுகின்றது என்பதை ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் ஆட்டோ லோவி கண்டுபிடித்தார். அவருக்கு அச்சோதனையின் திட்டம் கனவில் தோன்றியது என்பது விஞ்ஞான வரலாற்றில் பலரும் அறிந்த கதை. இரண்டு தவளை இதயங்களை எடுத்து, ஒன்றின் வேகஸ் நரம்பைத் தூண்டி அதைத் தளரச் செய்தார். அவ்விதயம் கிடந்த நீரை மற்றொன்றின்மேல் விட்டார். நரம்பே இல்லாத அந்த இரண்டாவது இதயமும் தளர்ந்தது. நரம்பு ஒரு வேதிப்பொருளைச் சுரக்கின்றது என்று 1921-இல் அவர் வெளியிட்டார். 1936-இல் நோபல் பரிசு பெற்றார். இரண்டே ஆண்டுகளில் நாஜிகள் அவரைச் சிறையிலிட்டு, பரிசுப் பணத்தைப் பறித்துக்கொண்டே நாட்டைவிட்டுப் போக விட்டனர்.

நரம்பு அறுபட்ட இதயம் எப்படித் துடிக்கும் என்பதைப் பிற்காலத்தில் மனிதரிடமே காண முடிந்தது. 1967 டிசம்பரில் கேப் டவுனில் டாக்டர் கிறிஸ்டியன் பர்னார்டு முதன்முதலாக ஒரு மனிதரின் இதயத்தை இன்னொருவருக்கு மாற்றிப் பொருத்தினார். அவ்வாறு மாற்றப்பெற்ற இதயம், தொடக்கத்தில் மூச்சுக்கும் அசைவதில்லை, அச்சத்துக்கும் உடனே விரைவதில்லை. உண்மையாகவே கடிகாரம்போல் அடிக்கின்றது. நம் பழைய உவமை அதற்கு மட்டும் பொருந்தும்.

இனி, துடிப்புகளின் இடைவெளியை நுட்பமாக அளக்கும் கருவிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்வேன். ஹாலந்தின் லைடன் நகரில் வில்லெம் ஐந்தோவன் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதயத்தின் மின்னோட்டத்தைப் பதியும் கருவியை அமைத்தார். அதனை இயக்க ஐந்து ஆட்கள் வேண்டியிருந்தது. மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல இயலாத கனமாதலால், ஒன்றரைக் கிலோமீட்டர் தொலைவிலிருந்த நோயாளியின் இதயத்துடிப்பைத் தொலைபேசிக் கம்பி வழியே தம் ஆய்வுக்கூடத்துக்கு வரவழைத்தார்! அமெரிக்காவின் மான்டானா மாநிலத்தைச் சேர்ந்த நார்மன் ஹோல்டர் என்னும் பௌதிக அறிஞர், நடமாடும் மனிதரின் இதயத்தைப் பதிய விரும்பினார். அவர் முதலில் செய்த கருவியை முதுகில் சுமக்க வேண்டும். எடை ஏறத்தாழ 38 கிலோ. அது இதயத்தின் செய்தியை வானொலி அலைகளாக அனுப்பியது. வானொலியில் பேசும் எனக்கு இச்செய்தி தனி மகிழ்ச்சி தருகின்றது. பின்னர் காந்த நாடாவில் பதியும் சிறு கருவியாக அது சுருங்கியது. 1961-இல் அவர் அதனை விளக்கிக் கட்டுரை எழுதினார். இருபத்துநான்கு மணி நேரத்தில் ஓர் இதயம் ஏறத்தாழ ஓர் இலட்சம் முறை துடிக்கின்றது. அவ்வளவும் ஒரு நாடாவில் அடங்கலாயின.

அடங்கிய துடிப்புகளில் எதனைத் தேடுவது? அங்கேதான் சுவையான திருப்பம் இருக்கின்றது. மருத்துவர்கள் எல்லாரும் தேடியது தவறிப் பிறந்த துடிப்புகளை. முறைமாறி இடையில் தோன்றும் மிகைத் துடிப்புகள் மாரடைப்புக்கு உள்ளானோரிடம் மிகுதி. அவையே திடீர் மரணத்துக்கு முன்னோடி என்று கருதி, அவற்றை எண்ணி எண்ணிக் குறித்தனர். ஒழுங்காக வந்த துடிப்புகளை யாரும் பொருட்படுத்தவில்லை. வகுப்பில் குறும்பு செய்யும் நான்கு பிள்ளைகளையே கவனித்து, அமைதியாக அமர்ந்திருக்கும் நாற்பது பேரை மறந்துவிடும் ஆசிரியரைப்போல என்க.

அமைதியான துடிப்புகளிலும் செய்தி உண்டு என்பதற்கு முதல் எச்சரிக்கை மகப்பேற்று மருத்துவத்திலிருந்து வந்தது. அமெரிக்காவில் எட்வர்டு ஹான், லீ ஆகிய இருவர் 1963-இல், கருவில் துன்புறும் குழந்தையின் இதய வேகம் மாறுவதற்கு முன்பே, துடிப்புக்குத் துடிப்பு உள்ள ஏற்ற இறக்கம் மாறுகின்றது என்று கண்டனர். அடுத்து நீரிழிவு நோயாளிகள். எடின்பரோ நகரில் டேவிட் யூயிங் என்பவரும் அவருடைய துணைவர்களும் 1970-களில் படுக்கையருகிலேயே செய்யத்தக்க எளிய சோதனைகளை வகுத்தனர். அவற்றுள் ஒன்று நீங்கள் தொடக்கத்தில் செய்ததே: நிமிடத்துக்கு ஆறு மூச்சு. மூச்சு இழுக்கையில் உள்ள மிகுந்த வேகத்துக்கும், விடுகையில் உள்ள குறைந்த வேகத்துக்கும் நிமிடக் கணக்கில் பதினைந்து துடிப்பேனும் வேறுபாடு இருப்பின் நலம்; பத்தும் அதற்குக் குறைவுமானால் நரம்பு பழுதுற்றிருக்கின்றது என்று அளவு வகுத்தார்கள். அவ்வாறு பழுதுற்ற நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டோர் ஐந்தாண்டுகளுக்குள் இறந்தனர் என்று அவர்கள் தெரிவித்தபோது, இது வெறும் விளையாட்டுச் சோதனை அன்று என்பது விளங்கிற்று.

மாரடைப்பைப் பொறுத்தவரை வாயிலைத் திறந்தவர்கள் ஆஸ்திரேலியர்கள். மெல்போர்னில் மைக்கேல் வொல்ஃப் முதலியோர் மாரடைப்போடு மருத்துவமனையில் சேர்ந்த 176 பேரை ஆராய்ந்தனர். இதயத்துடிப்பில் இயல்பான ஏற்ற இறக்கம் காட்டியவர்களிடையே இறப்புக் குறைவாகவும், அது காட்டாதவரிடையே மிகுதியாகவும் இருந்தது. 1978-இல் வெளிவந்த அக்கட்டுரையை அன்று பெரும்பாலோர் கவனிக்கவில்லை.

ஒன்பது ஆண்டுகள் சென்றன. 1987-இல் அமெரிக்காவின் ராபர்ட் கிளைகரும் அவருடைய கூட்டாளிகளும் வெளியிட்ட ஆராய்ச்சியே இத்துறையின் அடிக்கல் ஆகும். மாரடைப்பிலிருந்து பிழைத்தெழுந்த 808 பேரின் நாடாக்கள் அவர்களிடம் இருந்தன. மாரடைப்பு வந்து ஏறத்தாழப் பதினொரு நாள் கழித்து, ஒரு முழு நாள் பதிவு செய்தவை. அவற்றில் மிகைத் துடிப்புகளை ஒதுக்கிவிட்டு, இயல்பான துடிப்புகளுக்கு இடையேயுள்ள காலத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அதன் திட்டவிலக்கத்தைக் கணக்கிட்டனர்.

திட்டவிலக்கம் என்பது கல்லூரி மாணவர் அறிந்ததே. பள்ளி மாணவருக்காக ஓர் எடுத்துக்காட்டு. ஐந்து பாடங்களிலும் அறுபது அறுபதாகப் பெற்ற மாணவனின் சராசரி அறுபது. நாற்பது, எண்பது என்று ஏறியும் இறங்கியும் பெற்றவனின் சராசரியும் அறுபதாக இருக்கலாம். சராசரியைப் பார்த்தால் இருவரும் ஒன்று. சராசரியிலிருந்து எவ்வளவு விலகினர் என்று பார்த்தால் வேறு. அந்த விலகலின் அளவே திட்டவிலக்கம். தேர்வில் முதல் மாணவனைச் சீரானவன் என்று பாராட்டுவோம். இதயத்தில் நிலைமை நேர்மாறு. இரண்டு பேரின் நாடியும் நிமிடத்துக்கு எழுபத்தைந்தாக இருக்கலாம். ஒருவருக்கு விலக்கம் மிகுதி, மற்றவருக்குக் குறைவு. அந்தக் குறைவே ஆபத்தைக் காட்டுகின்றது. அதனை வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்காகிய மில்லிவினாடியில் அளப்பார்கள்.

கிளைகர் குழுவினர் நோயாளிகளைச் சராசரி 31 மாதங்கள் தொடர்ந்து கவனித்தனர். 127 பேர் இறந்தனர். விலக்கம் 100 மில்லிவினாடிக்கு மேற்பட்டவர்களோடு ஒப்பிடுகையில், 50-க்குக் குறைந்தவர்களுக்கு இறக்கும் ஆபத்து 5.3 மடங்கு. இதயத்தின் இறைக்கும் வலிமை, மிகைத் துடிப்பின் எண்ணிக்கை முதலியவற்றைக் கணக்கில் கொண்ட பின்னும் இத்தொடர்பு அழியவில்லை. யாரும் பொருட்படுத்தாத துடிப்புகளுக்குள் இத்தனை காலமும் இச்செய்தி கிடந்தது!

நோயுற்றோரிடம் மட்டுமன்றிப் பொதுமக்களிடமும் இது காணப்படுகின்றதா? பாஸ்டனை அடுத்த ஃபிரேமிங்ஹாம் என்னும் ஊரில் 1948 முதல் ஊராரின் இதய நலத்தைத் தலைமுறை தலைமுறையாகக் கண்காணித்து வருகின்றனர். அங்கே 2,501 பேரிடம் இரண்டு மணி நேரம் மட்டும் பதிவு செய்து, 1996-இல் முடிவை வெளியிட்டனர். ஏற்ற இறக்கம் குறைந்தவர்களுக்குப் பிற்காலத்தில் இதய நோய் நேரும் ஆபத்து கூடுதலாகவே இருந்தது. ஆனால் மாரடைப்புற்றோரிடம் கண்ட அத்துணைப் பெரிய வேறுபாடு அன்று. அதே ஆண்டில் ஐரோப்பிய, அமெரிக்க அறிஞர் குழு ஒன்று கூடி அளக்கும் முறைகளுக்குப் பொதுவான இலக்கணம் வகுத்தது.

இவ்விடத்தில் கதை முடிந்துவிட்டால் இனிமையாக இருக்கும். வரலாறு அவ்வளவு இரக்கமுடையதன்று.

மிகைத் துடிப்புகளே மரணத்தின் முன்னோடி என்று மருத்துவர்கள் கருதினர் என்றேன். அப்படியாயின் மருந்து கொடுத்து அவற்றை அடக்கிவிட்டால் மரணத்தையும் தடுக்கலாம் அல்லவா? அமெரிக்காவில் மாரடைப்புற்றோருக்கு என்கெய்னைடு, ஃப்ளெகெய்னைடு என்னும் மருந்துகளைக் கொடுத்துச் சோதித்தனர். மருந்துகள் மிகைத் துடிப்புகளை அழகாக அடக்கின. ஆனால் மருந்துண்ட 755 பேரில் 63 பேர் இறந்தனர். வெறும் மாத்திரை உண்ட 743 பேரில் இறந்தவர் 26 பேரே. 1989-இல் சோதனையின் அப்பகுதியை இடையிலேயே நிறுத்திவிட்டனர். அடையாளம் மறைந்தது, ஆபத்து மறையவில்லை, பெருகியது. அதுவரை உலகெங்கும் எத்தனை ஆயிரம் நோயாளிகள் நன்மை என்று நம்பி அம்மருந்துகளை உண்டிருப்பர் என்று எண்ணிப் பாருங்கள்.

துடிப்பின் ஏற்ற இறக்கத்திலும் இத்தகைய பாடம் ஒன்று காத்திருந்தது. இத்தாலியைச் சேர்ந்த லா ரோவெரே, பீட்டர் ஷ்வார்ட்ஸ் ஆகியோர் பல நாட்டு மருத்துவமனைகளில் 1,284 பேரை ஆராய்ந்து 1998-இல் வெளியிட்ட முடிவு, கிளைகர் கண்டதை உறுதிப்படுத்தியது. கடிவாளம் தளர்ந்த இதயம் சவுக்கின் வசப்பட்டு, கீழறைகள் வெறும் நடுக்கமாக நடுங்கி நின்றுபோகின்றது என்பதே அவர்கள் கருத்து. அப்படியானால், ஏற்ற இறக்கம் குன்றியோரைத் தேர்ந்தெடுத்து, அந்நடுக்கம் தோன்றியவுடன் மின்னதிர்ச்சி கொடுத்து மீட்கும் சிறு கருவியை நெஞ்சில் பதித்துவிட்டால் அவர்கள் பிழைப்பார்கள் அன்றோ? இந்த எண்ணத்தில் குறை காண்பது எளிதன்று. 674 பேரிடம் இதனைச் சோதித்தனர். அவர்கள் அண்மையில் மாரடைப்புற்றவர்கள். இறைக்கும் வலிமையும் குன்றியவர்கள். 2004-இல் முடிவு வந்தது. கருவி தன் கடமையைச் செய்தது. தாளம் கெட்டு நேரும் மரணம், கருவி இல்லாதவரிடையே 29. கருவி பெற்றவரிடையே 12. ஆனால் பிற காரணங்களால் நேர்ந்த மரணம் முறையே 29, 50. மொத்தத்தில் இப்பக்கம் 58, அப்பக்கம் 62. இரண்டு குழுவும் ஏறத்தாழச் சம எண்ணிக்கையினவாதலால், காப்பாற்றப்பட்டவர் என்று ஒருவரையும் சொல்வதற்கில்லை.

இதற்கு என் சிற்றறிவுக்கு எட்டிய விளக்கம் இது. குன்றிய ஏற்ற இறக்கம், உடல் முழுவதும் தளர்ந்திருப்பதைக் கூறும் சாட்சி. ஆபத்து உண்டு என்று அது உண்மையே சொல்லுகின்றது. எந்த வழியாக வரும் என்று சொல்லுவதில்லை. சாட்சி கூறாததை அதன் வாயில் நாம் வைத்துப் பேசினால் வழக்கு தோற்றுப்போகும்.

இன்னும் ஓர் எச்சரிக்கை. சீரின்மை எல்லாம் நலம் என்று யாரும் கொள்ளற்க. இதயத்தின் மேலறைகள் நடுங்குவதால் நாடி தாறுமாறாக அடிக்கும் நோய் ஒன்று முதியோரிடம் மிகுதி. அது இரத்தக்கட்டை உண்டாக்கிப் பக்கவாதத்துக்கு இடமாகும். நான் இதுகாறும் கூறியது இயல்பாகத் தொடங்கும் துடிப்புகளுக்கு இடையே நரம்புகள் விளைக்கும் ஏற்ற இறக்கத்தைப் பற்றியதே. அதுவும் வயது ஏற ஏறக் குறைவது இயற்கை. புகைபிடித்தல் அதனைக் குறைக்கின்றது; முறையான உடற்பயிற்சி பெரும்பாலும் கூட்டுகின்றது.

முப்பத்தெட்டுக் கிலோ எடையோடு ஹோல்டர் தொடங்கிய வேலையை இன்று கைக்கடிகாரம் செய்கின்றது. தோலின்மேல் ஒளியைப் பாய்ச்சி, இரத்த ஓட்டத்தின் ஏற்ற இறக்கத்தைக் கொண்டு துடிப்பின் இடைவெளியைக் கணக்கிட்டு, காலையில் ஓர் எண்ணைக் காட்டுகின்றது. என் வயதையொத்த நண்பர் ஒருவர் அவ்வெண் முந்திய நாளைவிட ஐந்து குறைந்தது என்று அன்று முழுவதும் உண்ணாமல் கவலைப்பட்டார். முந்திய இரவு அவர் பேரனோடு விழித்திருந்து கிரிக்கெட் பந்தயம் பார்த்திருக்கிறார். கிளைகர் அளந்தது ஒரு முழு நாளின் மின்பதிவு. ஃபிரேமிங்ஹாமில் அளந்தது இரண்டு மணி நேரம். கடிகாரம் அளப்பதோ உறக்கத்தின் சில நிமிடங்கள். ஒன்றின் அளவை மற்றொன்றின் அளவோடு ஒப்பிடலாகாது என்று நான் விளக்கினேன். மறுநாள் மாலை அவர் கடற்கரைக்கு நடக்க வந்தபோது கடிகாரம் கையில்தான் இருந்தது; அவ்வெண்ணை மட்டும் காட்டாதபடி பேரனைக்கொண்டு மாற்றி வைத்திருந்தார்.